இருபது கெல்வினா, 293 கெல்வினா? வெப்பநிலை மாற்றத்தைக் கணக்கிடுவதில் ஓர் ஐயம்

பதிவு 1
இழையைத் தொடங்கியவர்: பதினோராம் வகுப்பு மாணவி

அனைவருக்கும் வணக்கம். வெப்ப இயற்பியல் பாடத்தில் எங்களுக்குத் தரப்பட்ட ஒரு கணக்கில் எனக்கும் என் தோழிக்கும் விடை வேறுபடுகிறது. கணக்கு இதுதான்: 30 டிகிரி செல்சியஸில் உள்ள 250 கிராம் நீருக்கு 20,930 ஜூல் வெப்பம் அளிக்கப்படுகிறது. நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு 4186 ஜூல் எனில், வெப்பநிலை மாற்றம் எத்தனை கெல்வின்?

வெப்பநிலை மாற்றம் = வெப்பம் ÷ (நிறை × தன்வெப்ப ஏற்புத்திறன்) என்ற வாய்பாட்டில் 250 கிராமை 0.25 கிலோகிராம் என மாற்றிப் போட்டேன். 0.25 × 4186 என்பது 1046.5. 20,930 ஐ 1046.5 ஆல் வகுத்தால் சரியாக 20 வருகிறது. இதுவரை இருவருக்கும் ஒரே விடைதான். என் தோழி அத்துடன் நிறுத்தி "20 கெல்வின்" என்று எழுதிவிட்டாள். நானோ, "வெப்பநிலையை எப்போதும் கெல்வினுக்கு மாற்றியே எழுத வேண்டும்" என்று தனிப்பயிற்சி வகுப்பில் குறித்துக்கொண்ட விதியை நினைவில் வைத்து, 20 உடன் 273 ஐக் கூட்டி "293 கெல்வின்" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் சந்தேகம் வந்தது. கால் லிட்டர் நீரின் வெப்பநிலை 293 அளவுக்கு உயருமானால் அது எப்போதோ கொதித்து ஆவியாகியிருக்க வேண்டுமே! எங்கே பிழை செய்தேன் என்பதைவிட, அது ஏன் பிழை என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதிவு 2
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. உங்கள் தோழி எழுதியதே சரி. வெப்பநிலை மாற்றம் 20 கெல்வின். ஆனால் விடையை எழுதிய பிறகு "நீர் கொதித்திருக்க வேண்டுமே" என்று யோசித்தீர்கள் அல்லவா, அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் விடையைத் திரும்பிப் பார்ப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

வெப்பநிலை என்பது ஒன்று, வெப்பநிலை மாற்றம் என்பது வேறொன்று. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 390 மீட்டர் வேறுபாடு. இனி கடல்மட்டத்தை விட்டுவிட்டு, ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தைச் சுழி என்று வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். ஊட்டி 1915, குன்னூர் 1525 என்று இரண்டு எண்களும் மாறிவிடும். ஆனால் வேறுபாடு அதே 390 மீட்டர்தான், ஏனெனில் அளவையின் தொடக்கப்புள்ளியை நகர்த்தினால் இரண்டு உயரங்களும் ஒரே அளவு நகர்கின்றன. செல்சியஸ் அளவைக்கும் கெல்வின் அளவைக்கும் உள்ள தொடர்பும் இதுவே. தொடக்கப்புள்ளி மட்டும் 273.15 அளவு இறங்கியிருக்கிறது. ஒரு படியின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே, 30 டிகிரி செல்சியஸிலிருந்து 50 டிகிரி செல்சியஸுக்கு ஏறுவதும், 303 கெல்வினிலிருந்து 323 கெல்வினுக்கு ஏறுவதும் அதே இருபது படிகளே.

293 என்ற விடையை வாய்பாட்டில் திருப்பிப் போட்டும் பாருங்கள். 0.25 × 4186 × 293 என்பது மூன்று லட்சத்து ஆறாயிரம் ஜூலைத் தாண்டுகிறது. கணக்கில் நாம் கொடுத்ததோ 20,930 ஜூல். இல்லாத வெப்பத்தை நீர் எங்கிருந்து பெற்றது என்ற கேள்விக்கு விடை கிடைக்காதபோதே எண் தவறு என்று தெரிந்துவிடுகிறது.

"கெல்வினுக்கு மாற்ற வேண்டும்" என்று நீங்கள் குறித்துக்கொண்ட அந்த விதி பொய்யன்று. அதன் இடம் வேறு. வளிம விதிகளிலும், கதிர்வீச்சுக்கான வாய்பாட்டிலும் வெப்பநிலையே நேராக வந்து பெருக்கப்படுகிறது அல்லது வகுக்கப்படுகிறது; அங்கே கெல்வினைத் தவிர வேறு அளவையைப் போட்டால் விடை பாழாகிவிடும். நமது வாய்பாட்டில் இருப்பது வேறுபாடு மட்டுமே. பாரன்ஹீட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 20 டிகிரி செல்சியஸ் மாற்றம் என்பது 36 டிகிரி பாரன்ஹீட் மாற்றம். படியின் உயரம் மாறுவதால் 9/5 ஆல் பெருக்க வேண்டும், ஆனால் 32 ஐக் கூட்டக் கூடாது.

பதிவு 3
தனிப்பயிற்சி நடத்துபவர்

மாணவி குறிப்பிட்ட வகுப்பு என்னுடையது அன்று. ஆனாலும் அதே விதியை நானும் கற்பிக்கிறேன் என்பதால் என் தரப்பைச் சொல்ல வேண்டும். "தொடக்க வெப்பநிலையையும் இறுதி வெப்பநிலையையும் முதலிலேயே கெல்வினுக்கு மாற்றிக்கொண்டு, பிறகு கழிக்க வேண்டும்" என்பதே நான் சொல்வது. இப்படிச் செய்தால் 323 இலிருந்து 303 ஐக் கழித்து 20 தான் கிடைக்கும். பிழைக்கு வழியே இல்லை. எந்த வாய்பாட்டில் மாற்ற வேண்டும், எதில் மாற்ற வேண்டாம் என்று பிரித்தறியும் தெளிவு தேர்வறையின் பதற்றத்தில் எல்லா மாணவருக்கும் இருப்பதில்லை. எங்கும் ஒரே வழக்கம் என்று வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பாதுகாப்பு என்று கருதுகிறேன்.

பதிவு 4
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

ஐயா, நீங்கள் சொல்லும் வழி சரியான விடையைத் தருகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த மாணவிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கணக்கில் இறுதி வெப்பநிலை தரப்படவில்லை. வாய்பாடு மாற்றத்தை நேரடியாகவே தந்துவிட்டது. கழிப்பதற்கு இரண்டு வெப்பநிலைகள் இல்லாத இடத்தில், "கெல்வினுக்கு மாற்று" என்ற கட்டளை மட்டும் கையில் மிஞ்சியதால், மாற்றத்தின் மீதே 273 ஐக் கூட்டிவிட்டார். வழக்கம் பாதுகாப்பாக இருந்தது அதன் காரணம் கூடவே இருந்த வரையில்தான். எனவே விதியைச் சொல்லும்போது, "கூட்ட வேண்டியது நிலையின் மீது, மாற்றத்தின் மீது அன்று" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 5
யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உயர்தர வகுப்புப் பௌதிகவியல் (இயற்பியல்) ஆசிரியை

இங்கு நாங்கள் தன்வெப்ப ஏற்புத்திறனைத் தன்வெப்பக் கொள்ளளவு என்றும், உள்ளுறை வெப்பத்தை (வெப்பநிலை உயராமலேயே பொருள் உருகவோ ஆவியாகவோ எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை) மறைவெப்பம் என்றும் கற்பிக்கிறோம். சொல் வேறாயினும் பொருள் ஒன்றே. இருந்தாலும் "கொள்ளளவு" என்ற சொல்லைக் கேட்டவுடன், பாத்திரத்தில் நீர் நிரம்புவதுபோல் பொருளுக்குள் வெப்பம் ஓர் எல்லை வரை நிரம்பும் என்று சில மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எல்லை எதுவும் இல்லை; வெப்பநிலை ஒரு கெல்வின் உயர எவ்வளவு வெப்பம் தேவை என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. இந்த வகையில் உங்கள் "ஏற்புத்திறன்" என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாணவியின் கணக்கில் நான் சேர்க்க விரும்புவது ஒன்று உண்டு. நீர் அந்தரத்தில் நிற்பதில்லை, ஏதாவதொரு பாத்திரத்தில் இருக்கிறது. அளிக்கப்பட்ட வெப்பம் பாத்திரத்தையும் சேர்த்தே சூடாக்குகிறது. ஆய்வுகூடத்தில் 100 கிராம் நிறையுள்ள செப்புக் கலோரிமானியில் (வெப்பத்தை அளக்கும் சோதனைகளுக்கான பாத்திரத்தில்) அந்த 250 கிராம் நீரை எடுத்துக்கொண்டோம் என்று வைப்போம். செப்பின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 385. எனவே கலோரிமானி ஒரு கெல்வின் உயர 38.5 ஜூல் வேண்டும். நீருக்கு 1046.5. இரண்டையும் கூட்டினால் 1085. இப்போது 20,930 ஐ 1085 ஆல் வகுத்தால் 19.3 கெல்வின்தான் கிடைக்கிறது. புத்தகக் கணக்கில் "பாத்திரத்தின் வெப்பக் கொள்ளளவைப் புறக்கணிக்க" என்ற ஒரு வரி இருந்தால் 20. செய்முறைத் தேர்வில் அந்த வரி இருக்காது. அங்கே கலோரிமானியையும் கலக்கியையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளாமல் நீரை ஊற்றிவிட்ட பிள்ளைகள், பின்னர் கணிப்பில் சிக்கிக்கொள்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பதிவு 6
இந்த இழையைப் படித்துவரும் ஒரு தந்தை, கணக்காளர்

நான் இயற்பியல் படித்தவன் அல்லன். என் மகனுக்கும் இதே பாடம் நடப்பதால் இந்த இழையைப் படித்துவிட்டு, நேற்றிரவு இருவரும் சமையலறையில் செய்து பார்த்தோம். எங்கள் கெட்டிலின் அடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. 28 டிகிரியில் இருந்த ஒரு லிட்டர் நீரை ஊற்றிச் சரியாக மூன்று நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினோம். வினாடிக்கு 1500 ஜூல் வீதம் 180 வினாடிகளுக்கு 2,70,000 ஜூல். அதை 4186 ஆல் வகுத்தால் 64.5. ஆகவே நீர் 92.5 டிகிரியில் இருக்க வேண்டும் என்று மகன் முன்கூட்டியே எழுதி வைத்தான். நன்றாகக் கலக்கிவிட்டு வெப்பமானியை வைத்தபோது 82 டிகிரிதான் காட்டியது. பத்து டிகிரிக்கு மேல் துண்டு விழுகிறது. கணக்கேட்டில் இவ்வளவு பெரிய வேறுபாடு வந்தால் நான் எங்கே போயிற்று என்று தேடாமல் விடமாட்டேன். இங்கும் அப்படியே கேட்கிறேன்.

பதிவு 7
யாழ்ப்பாண ஆசிரியை

ஐயா, உங்களிடம் வேறு இரண்டு விவரங்கள் கேட்க வேண்டும். கெட்டிலின் உட்பகுதி எவர்சில்வரா? வெறும் கெட்டிலின் எடை எவ்வளவு? அத்துடன், அந்த நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் எவ்வளவு இருந்தது என்று தெரியுமா?

பதிவு 8
கணக்காளர்

எவர்சில்வர்தான். பிளாஸ்டிக் கைப்பிடியைத் தவிர்த்துப் பார்த்தால் உலோகம் 600 கிராம் அளவில் இருக்கும். குளிர்பதனப் பெட்டிக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசரின் முகப்பில் உள்வரும் மின்னழுத்தம் தெரியும். இரவு அந்த நேரத்தில் அது 222 வோல்ட் காட்டியது.

பதிவு 9
யாழ்ப்பாண ஆசிரியை

நன்றி. இனி உங்கள் பத்து டிகிரியைத் தேடுவோம்.

முதலில் கெட்டிலின் உடல். எவர்சில்வரின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 500. ஆகவே 0.6 கிலோகிராமுக்கு ஒரு கெல்வினுக்கு 300 ஜூல். நீருடன் சேர்த்தால் 4486. 2,70,000 ஐ இதனால் வகுத்தால் 60.2, இறுதி வெப்பநிலை 88.2. நான்கு டிகிரிக்கு மேல் கண்டுபிடித்துவிட்டோம்.

அடுத்தது மின்னழுத்தம். 1500 வாட் என்பது 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டுமே. சூடாக்கும் கம்பிச்சுருளின் தடை ஏறக்குறைய மாறாதிருப்பதால், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைகிறது. 222 ஐ 230 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.93 வரும், அதாவது உங்கள் கெட்டில் உண்மையில் கொடுத்தது ஏறத்தாழ 1400 வாட். மூன்று நிமிடங்களில் ஏறத்தாழ 2,51,600 ஜூல். 4486 ஆல் வகுக்க 56.1, இறுதி வெப்பநிலை 84.1.

மிஞ்சியிருப்பது இரண்டு டிகிரி. வெப்பமாகச் சொன்னால் 9400 ஜூல் அளவு. கெட்டிலின் வெளிப்புறத்திலிருந்து காற்றுக்குப் போனதும், மூக்கு வழியாக ஆவியாகப் போனதும் இதற்குள் அடங்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2300 ஜூலுக்குக் கிட்டிய வெப்பம் தேவைப்படுவதால், நான்கு கிராம் நீர் ஆவியாகியிருந்தாலே இந்தக் கணக்கு நேராகிவிடும். உங்கள் மகன் எழுதிய முதல் விடையில் வகுத்தல் பிழை எதுவும் இல்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். 2,70,000 ஜூலும் அந்த ஒரு கிலோகிராம் நீருக்குள்தான் சென்றது என்று எடுத்துக்கொண்டது மட்டுமே உண்மையிலிருந்து விலகியது.

பதிவு 10
கோயம்புத்தூரில் அலுமினிய வார்ப்படப் பட்டறையில் பணிபுரிபவர்

நான் டிப்ளமோ முடித்துப் பதினான்கு ஆண்டுகளாக அலுமினியம் உருக்கும் உலையில் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வாய்பாட்டை நம்பி நான் செய்த கணக்கு ஒன்றை இங்கே சொல்வது மாணவிக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒரு கிலோகிராம் அலுமினியத்தை அறை வெப்பநிலையிலிருந்து 700 டிகிரியில் ஊற்றும் நிலைக்குக் கொண்டுவர, உலையின் இழப்புகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், உலோகத்துக்குள் மட்டும் ஏறத்தாழ 1100 கிலோஜூல் செல்ல வேண்டும் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. அலுமினியத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன் 900 என்று படித்திருந்தேன். 11,00,000 ஐ 900 ஆல் வகுத்தால் 1222 டிகிரி உயர்வு வருகிறது. 25 டிகிரியில் தொடங்கினால் உலோகம் 1247 டிகிரியை எட்ட வேண்டும். மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரத்தில்) செருகிய தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரியோ 700 தான் காட்டுகிறது. அவர் சொன்ன எண்ணில்தான் தவறு என்று வாதிட்டேன்.

என் பிழைகள் இரண்டு. ஒன்று, 900 என்பது அறை வெப்பநிலைக்கான மதிப்பு. உலோகம் சூடேறச் சூடேற அந்த எண்ணும் உயர்கிறது. உருகுநிலையை நெருங்கும்போது 1150 ஐயும் தாண்டுகிறது. 25 முதல் 660 வரையிலான பாதைக்குச் சராசரியாக 1050 என்று எடுத்தால், 635 டிகிரிக்கு ஏறத்தாழ 667 கிலோஜூல் வேண்டும். இரண்டாவது பிழைதான் பெரியது. 660 டிகிரியில் அலுமினியம் உருகத் தொடங்குகிறது. ஒரு கிலோகிராம் முழுவதும் உருகி முடிய ஏறத்தாழ 397 கிலோஜூல் செல்கிறது. தூய அலுமினியமானால் அந்த நேரம் முழுவதும் தெர்மோகப்பிளின் எண் அசையாது. அதன் பிறகு உருகிய உலோகத்தை 660 இலிருந்து 700 க்குக் கொண்டுவர இன்னும் ஏறத்தாழ 47 கிலோஜூல். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 1111 கிலோஜூல். மேற்பார்வையாளர் சொன்ன எண் அனுபவத்தில் வந்த எண். அது சரியாகவே இருந்தது.

அன்றிலிருந்து, ஒரே வகுத்தலில் நீண்ட தூரம் தாண்ட நான் முயல்வதில்லை. பாதையில் உருகுநிலையோ கொதிநிலையோ குறுக்கிடுகிறதா என்று முதலில் பார்ப்பேன். குறுக்கிட்டால் அந்த இடத்தில் கணக்கை வெட்டி, துண்டு துண்டாகச் செய்வேன். கொடுக்கும் வெப்பம் எந்தத் துண்டில் தீர்ந்துபோகிறதோ அங்கேதான் இறுதி வெப்பநிலை இருக்கிறது.

பதிவு 11
இழையைத் தொடங்கிய மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஊட்டி, குன்னூர் எடுத்துக்காட்டு எனக்கு முழுவதுமாகப் புரிந்துவிட்டது. அண்ணா எழுதிய உலைக் கணக்கையும் நானே தாளில் போட்டுப் பார்த்தேன்.

இப்போது வேறு இரண்டு ஐயங்கள் வருகின்றன. அதே 20,930 ஜூலை 250 கிராம் தாமிரத்துக்குக் கொடுத்தால் மாற்றம் 217 கெல்வினைத் தாண்டுகிறது. நீருக்கு 20, தாமிரத்துக்கு 217. ஒரே நிறை, ஒரே வெப்பம், இவ்வளவு வேறுபாடு ஏன்? இரண்டாவது, உருகும்போது வெப்பநிலை உயரவில்லை என்றால் வாய்பாட்டின்படி மாற்றம் சுழி. மாற்றம் சுழி என்றால் வெப்பமும் சுழி என்றல்லவா வருகிறது? ஆனால் வெப்பம் சென்றுகொண்டே இருக்கிறதே.

பதிவு 12
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளும் ஒரே மனிதரிடம் நம்மை அழைத்துச் செல்கின்றன. ஜோசப் பிளாக், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1760 களின் தொடக்கத்தில் இவற்றை ஆராய்ந்தவர். அவருக்கு முன்பு வெப்பமும் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றென்றே பலரும் எண்ணியிருந்தார்கள். வெப்பமானி காட்டும் எண்ணே வெப்பத்தின் அளவு என்று கொண்டால், உங்கள் கேள்விகள் இரண்டையும் கேட்கவே முடியாது.

முதல் கேள்விக்குப் பாதரசத்தை அவர் சான்றாகக் காட்டினார். 100 டிகிரி பாரன்ஹீட்டில் உள்ள நீருடன், அதே கனஅளவு பாதரசத்தை 150 டிகிரியில் கலந்தால், நடுவான 125 வருவதில்லை, 120 தான் வருகிறது என்றார். பாதரசம் 30 டிகிரி இறங்கியது, நீர் 20 டிகிரிதான் ஏறியது. ஆனால் ஒன்று இழந்த வெப்பமும் மற்றொன்று பெற்ற வெப்பமும் சமம். ஆகவே ஒரே அளவு வெப்பத்துக்கு வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு வெப்பநிலை மாற்றத்தைக் காட்டுகின்றன. இன்றைய மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் கலவை 115 அல்லது 116 டிகிரியில் நிற்க வேண்டும். அவர் காட்டிய எண் துல்லியமானதன்று. ஆனால் அந்த எண்ணிலிருந்து அவர் பெற்ற முடிவு இன்றும் நிற்கிறது.

தாமிரத்துக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியை விளக்க அணுக்களிடம் போக வேண்டும். 1819 இல் பிரான்சைச் சேர்ந்த டியூலாங், பெட்டிட் இருவரும் கண்டது இது: திண்ம நிலையிலுள்ள தனிமங்களில், கிராம் கணக்கை விட்டு அணுக்களின் எண்ணிக்கைக் கணக்குக்கு மாறினால், ஏற்புத்திறன் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிடுகிறது. ஒரு மோலுக்கு (அணுக்களின் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு), ஒரு கெல்வினுக்கு 25 ஜூல் என்ற அளவில் அது நிற்கிறது. தாமிரத்துக்கு 385, ஈயத்துக்கு 128 என்று மூன்று மடங்கு வேறுபாடு தெரிவதற்குக் காரணம், ஈய அணு தாமிர அணுவைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது என்பதே. ஒரு கிலோகிராமில் ஈய அணுக்கள் குறைவு, ஆதலால் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் கைகளும் குறைவு. நீரின் மூலக்கூறுகளோ மிக இலேசானவை. ஒரு கிலோகிராமில் அவை எண்ணிக்கையில் மிகுதி. மேலும் அவை ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருப்பதால், கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கு அந்தப் பிணைப்புகளைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. 4186 என்ற பெரிய எண்ணுக்கு இவை இரண்டும் காரணம்.

இரண்டாவது கேள்விக்குப் பிளாக் செய்த சோதனையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு மகிழ்ச்சி ஏற்படும். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, மற்றொன்றில் பனிக்கட்டியளவுக்குக் குளிர்ந்த நீர். இரண்டிலும் ஒரே நிறை. அவற்றைக் காற்று அசையாத ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் 33 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 40 க்கு வர அரைமணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரியை எட்டப் பத்தரை மணி நேரம் ஆனது, அதாவது இருபத்தொரு அரைமணிகள். கூடத்தின் காற்று இரண்டு குடுவைகளுக்கும் ஒரே வீதத்தில் வெப்பம் கொடுத்தது என்று கொண்டால், அரைமணிக்கு 7 டிகிரி வீதம் பனிக்கட்டி பெற்றது 147 டிகிரிக்கான வெப்பம். அதில் 32 இலிருந்து 40 க்கு ஏறியதற்கு 8 போக, 139 டிகிரிக்கான வெப்பம் வெப்பமானியில் தெரியாமலேயே உள்ளே சென்றுவிட்டது. அதைத்தான் நாம் உள்ளுறை வெப்பம் என்கிறோம். இன்றைய அளவீடான ஒரு கிலோகிராமுக்கு 334 கிலோஜூலை அதே கணக்குக்கு மாற்றினால் 144 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஒரு கூடத்தின் காற்றையும் ஒரு கடிகாரத்தையும் மட்டுமே நம்பி அவர் இவ்வளவு அருகில் வந்திருக்கிறார்!

ஆகவே "மாற்றம் சுழி எனில் வெப்பம் சுழி" என்று வாய்பாட்டைத் திருப்பிப் படிப்பது, பொருளின் நிலை மாறாதபோது மட்டுமே செல்லும். நிலை மாறும் இடத்தில் இந்த வாய்பாட்டுக்கு வேலையே இல்லை; அங்கே வெப்பம் = நிறை × உள்ளுறை வெப்பம் என்ற வேறு வாய்பாடு வருகிறது, அதில் வெப்பநிலை மாற்றம் என்ற உறுப்பே கிடையாது.

பதிவு 13
தனிப்பயிற்சி நடத்துபவர்

பதிவு 4 இல் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஒரு வரியை இனி என் குறிப்பேட்டில் சேர்த்துவிடுவேன்.

மாணவிக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. இந்த வகைக் கணக்குகளில் 273 ஐவிட அதிகம் பேரை வீழ்த்துவது கிராமும் கிலோகிராமும்தான். 4186 என்ற எண்ணுடன் கிராமை அப்படியே போட்டால் விடை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உங்கள் கணக்கில் 0.02 கெல்வின் என்று வந்திருக்கும். கிராமிலேயே செய்ய விரும்பினால் 4.186 ஐப் பயன்படுத்துங்கள். வகுப்பதற்கு முன்பே மனத்தில் ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்வதும் நல்லது: ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த நான்கு கிலோஜூலுக்குச் சற்று மேல். கால் கிலோவுக்கு ஒரு கிலோஜூலுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 21 கிலோஜூல் கொடுத்திருக்கிறார்கள் எனில், விடை இருபதின் அருகில் இருந்தாக வேண்டும். பொருள் குளிரும் கணக்கில் வெப்பத்துக்கு எதிர்க்குறி இடுங்கள். மாற்றமும் எதிர்க்குறியுடன் வரும், இறுதி வெப்பநிலை தானாகவே குறைந்துவிடும்.

பதிவு 14
கணக்காளர்

என் மகனும் நானும் ஆசிரியை கேட்டபடி எல்லாவற்றையும் ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். இரண்டு டிகிரிதான் நிலுவை. அதன்பின் காலையில் குளியலுக்கு வெந்நீர் கலக்கும்போதும் கணக்குப் போட்டான். 90 டிகிரியில் உள்ள 5 லிட்டரை 28 டிகிரியில் உள்ள 15 லிட்டருடன் சேர்த்தால் 43.5 டிகிரி வர வேண்டும் என்றான். இரண்டும் நீர் என்பதால் தன்வெப்ப ஏற்புத்திறன் இரு பக்கமும் அடிபட்டுப்போகிறது என்பதை அவனே எனக்கு விளக்கினான். வெப்பமானி 42 காட்டியது. வாளிக்கும் தரைக்கும் போனது ஒன்றரை டிகிரி என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

பதிவு 15
இழையைத் தொடங்கிய மாணவி

இந்த இழையைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் துணையுடன் நானும் ஒரு சோதனை செய்தேன். எங்கள் மளிகைக் கடையில் ஒரு கிலோகிராம் இரும்பு எடைக்கல் ஒன்று பயன்படாமல் இருந்தது. அதைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் போட்டுவைத்து, அப்பா இடுக்கியால் எடுத்து, 400 கிராம் எடையுள்ள அலுமினியப் பாத்திரத்தில் 29 டிகிரியில் இருந்த ஒரு லிட்டர் நீருக்குள் இறக்கினார். நான் கலக்கிக்கொண்டே வெப்பமானியைப் பார்த்தேன். எண் 35 இல் நின்றது.

கணக்கை முன்கூட்டியே இரண்டு விதமாகப் போட்டு வைத்திருந்தேன். இரும்புக்கு 450 என்று எடுத்துக்கொண்டு, பாத்திரத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டபோது 35.9 டிகிரி வந்தது. பாத்திரத்துக்கு 0.4 × 900 = 360 ஜூலைச் சேர்த்தபோது 35.4 வந்தது. அளந்ததற்கும் கணக்குக்கும் இடையே இன்னும் 0.4 மிச்சம். ஆசிரியை அம்மா கெட்டிலுக்குச் செய்ததுபோல் அதையும் தேடினேன். நீரும் பாத்திரமும் எடைக்கல்லும் சேர்ந்து ஒரு கெல்வினுக்கு 4996 ஜூல். 0.4 கெல்வினுக்கு ஏறத்தாழ 2000 ஜூல். அவ்வளவு வெப்பத்தை எடைக்கல் மட்டும் முன்னதாகவே இழந்திருந்தால், 2000 ஐ 450 ஆல் வகுக்க, அதன் வெப்பநிலை நான்கரை டிகிரி அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அடுப்பிலிருந்து பாத்திரம் வரை அப்பா அதைத் தூக்கிவந்த நேரத்தில் அது காற்றில்தான் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த நீரும் ஆவியாகிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து மீண்டும் செய்யப்போகிறேன். இந்த முறைக்கான விடையை ஏட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: நீரின் வெப்பநிலை மாற்றம் 6 டிகிரி செல்சியஸ், அதாவது 6 கெல்வின்.